ஆச்சி வீட்டுக் கதையை யார் சொல்வது? குறும்புக் கதைசொல்லியா, ‘நானா’, ஒருவர் தோளோடு நிற்பவரா?

செட்டிநாட்டு வீட்டை வைத்து நாவல் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் நின்றுபோகிறார்கள். கதை கையில் இருக்கிறது: நான்கு தலைமுறை, பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு, ரங்கூனில் விட்டுவந்த சொத்து, பங்காளிச் சண்டை. இருபது முப்பது பக்கம் எழுதியும் பார்த்திருப்பார்கள். யார் குரலில் சொல்வது என்பதுதான் தீராமல் இருக்கும். எல்லாம் தெரிந்த, கொஞ்சம் குறும்பான, அவ்வப்போது வாசகரைத் திரும்பிப் பார்த்துப் பேசுகிற கதைசொல்லியை வைக்க மனசு ஆசைப்படுகிறது. ‘பழைய பாணி’ என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் தடுக்கிறது. சரி, ‘நான்’ என்று எழுதலாம் என்று பார்த்தால் நெருக்கம் வருகிறது, ஆனால் வீடு சுருங்கிவிடுகிறது.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறும்புக் கதைசொல்லியை எனக்கு மிகவும் பிடிக்கும். செட்டிநாட்டுக் கதைகளில் பலவற்றுக்கு அவர்தான் பொருத்தம் என்றும் நினைக்கிறேன். ஆனால் அவர் கேட்கிற விலை மற்றவர்கள் கேட்பதைவிடப் பெரியது. அந்த விலையைத் தெரிந்துகொண்டு அவரைக் கூப்பிட வேண்டும்.

பழைய பாணி என்ற பயத்தை இங்கேயே இறக்கி வைத்துவிடலாம். தெருக்கூத்துக் கட்டியங்காரன் ராஜாவையும் கிண்டல் செய்வான், அடுத்த நொடி சபையைப் பார்த்தும் பேசுவான். 1893-இல் ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக வரத் தொடங்கிய ‘கமலாம்பாள் சரித்திரம்’ ஊர் வம்பைச் சொல்லும்போது கதைசொல்லி தானும் சேர்ந்து சிரிக்கிறார். 1950 முதல் 1954 வரை வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ தொடக்கத்திலேயே நேயர்களைத் தன்னோடு பயணம் வரக் கூப்பிடுகிறது. இங்கிலாந்தில் ஹென்றி பீல்டிங் 1749-இல் வெளியிட்ட ‘டாம் ஜோன்ஸ்’ நாவலின் பதினெட்டுப் பகுதிகளும் கதைசொல்லி வாசகரோடு பேசும் ஒரு அத்தியாயத்தோடுதான் தொடங்குகின்றன. நெடுநாளாக இருக்கிற முறை என்பதால் அது தேய்ந்துவிடவில்லை. நன்றாகச் செய்தால் இன்றும் எடுபடும், மோசமாகச் செய்தால் அன்றும் சலித்திருக்கும்.

## எதை வைத்து முடிவு செய்வது

ரகசியம் யாரிடம் இருக்கிறது? முதலில் கேட்க வேண்டியது இதுதான். கதையின் முடிச்சு ஒருவர் மனதுக்குள் இருக்கிறதா, அல்லது ஆளுக்கொரு துண்டாகப் பலரிடம் கிடக்கிறதா? துண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும் இடத்தில் நிற்பவர் யாரோ, அவரே சொல்வதற்குத் தகுதியானவர்.

காலமும் தூரமும் எவ்வளவு? செட்டிநாட்டுக் கதைக்கு இது பெரிய கேள்வி. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்கப் போனவர் மூன்று வருஷக் கணக்கில் பர்மாவிலோ மலேயாவிலோ இலங்கையிலோ இருப்பார். ஆச்சி கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ இருப்பார். ஒரே குடும்பத்தின் ஒரே சாயங்காலம் இரண்டு கரைகளில் நடக்கிறது.

எதையெல்லாம் விளக்க வேண்டியிருக்கிறது? வளவு (வீட்டின் உள்முற்றப் பகுதி), இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்தம்), வேறு வைத்தல், புள்ளி (கல்யாணமான ஒரு குடும்பக் கணக்கு), பெட்டியடிப் பையன் (வட்டிக்கடையில் எடுபிடியாகச் சேரும் பையன்). திருநெல்வேலியிலோ வேலூரிலோ இருக்கிற வாசகருக்கு இவற்றில் பாதி தெரியாது.

சிரிப்பு யார் மேல் விழுகிறது? இதைப் பலரும் கேட்டுக்கொள்வதே இல்லை. பின்னால் விரிவாக வருகிறேன்.

எத்தனை பக்கம்? எட்டுப் பக்கச் சிறுகதையில் இனிக்கும் குரல் நானூறு பக்கத்தில் திகட்டலாம். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எழுதி, ஒரு மாசம் கழித்துப் படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

## ஒரே காட்சி, மூன்று குரல்

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் முடிவுக்கு வர முடியாது. ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். அறுபதாம் கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கிறது. இரண்டாம் கட்டில் இருந்த பெரிய பித்தளை அண்டாவைக் காணோம். அது உமையாள் ஆச்சியின் சீர் சாமான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இருக்கிற பழம்பொருள் கடைக்காரர் ஒருவருக்கு அதை விற்றவரும் ஆச்சிதான். பங்காளிகளுக்கு அது பொதுச் சொத்து என்று நினைப்பு.

எல்லாம் தெரிந்த குறும்புக் கதைசொல்லி இப்படி ஆரம்பிக்கலாம்:

> அண்டாவின் கழுத்தில் விலாசம் பொறித்தவருக்கு அன்று காய்ச்சல். அதனால் ‘உமை’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘மை’ மட்டும் துலக்கமாக விழுந்தது. அந்த ஓர் எழுத்துக் குறையால் நாற்பத்தாறு வருஷம் கழித்து இரண்டு பங்காளிகள் பேச்சுவார்த்தையை நிறுத்தப் போகிறார்கள். பாவம், இரண்டு பேருக்கும் அது இன்னும் தெரியாது. ஒருவர் பூக்காரரிடம் விலை பேசிக்கொண்டிருக்கிறார், மற்றவர் தம்பிக்குப் பிடிக்கும் என்று கந்தரப்பத்துக்குச் சொல்லியிருக்கிறார். நமக்கு விஷயம் தெரியும். ஆகவே நாமாவது இந்த இரண்டு நாளும் அவர்களைக் கொஞ்சம் பிரியமாகப் பார்த்துக்கொள்வோம்.

பேரன் ‘நான்’ என்று சொன்னால்:

> அண்டா இருந்த இடத்தில் வட்டமாக ஒரு சிவப்பு. ஆத்தங்குடிக் கல் மற்ற இடமெல்லாம் மங்கிப்போயிருக்க, அங்கே மட்டும் போன வாரம் பதித்த மாதிரி இருந்தது. அப்பத்தாவிடம் கேட்டேன். “என் கண்ணாடிய எங்கன வச்சேன்னு பாருப்பா” என்றார்கள். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

ஆச்சியின் தோளோடு நின்று படர்க்கையில் சொன்னால்:

> உமையாள் ஆச்சி ஈரத்துணியால் அந்த இடத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வட்டம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. சாக்கை இழுத்துப் போடலாமா? சாக்கு ஏன் இங்கே என்று மூத்த மருமகள் கேட்பாள். முகப்பில் செருப்புச் சத்தம் கேட்டது. ஆச்சி அந்த வட்டத்தின் நடுவிலேயே உட்கார்ந்துகொண்டு, முருங்கைக்கீரையை மடியில் போட்டு ஆயத் தொடங்கினார்.

மூன்றிலும் அண்டா ஒன்றுதான். வாசகருக்குக் கிடைப்பது வேறு வேறு. முதலாவதில் யார் எடுத்தார் என்ற கேள்வியே முக்கியமில்லை, என்ன ஆகப்போகிறது என்பதுதான் இழுக்கிறது. இரண்டாவதில் சந்தேகம். மூன்றாவதில் பிடிபட்டுவிடுவோமோ என்ற பதற்றம். உங்கள் கதைக்கு இந்த மூன்றில் எது வேண்டும் என்று தெரிந்தால் பாதி முடிவு ஆகிவிட்டது.

## எல்லாம் அறிந்த குறும்புக் கதைசொல்லி

கிடைப்பது. காலத்தைத் தாண்டும் வசதி. 1930-இல் ரங்கூன் முகல் தெருக் கடையில் பேரேட்டைப் புரட்டுகிறவரைக் காட்டிக்கொண்டே, 1942-இல் அந்தப் பேரேடு என்ன ஆகும் என்று அதே வாக்கியத்தில் சொல்லலாம். ‘நான்’ என்று சொல்லும் யாராலும் இதை இவ்வளவு சுலபமாகச் செய்ய முடியாது.

விளக்கும் வசதி அடுத்தது. வீட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த பாத்திரம், கல்யாணமான மகனுக்கு அதே வீட்டில் தனி உலை வைத்துக் கொடுப்பதைத்தான் ‘வேறு வைப்பது’ என்போம் என்று யாரிடம் சொல்லும்? சொன்னால் சுற்றுலா வழிகாட்டி பேசுகிற மாதிரி இருக்கும். குறும்புக் கதைசொல்லி வெளியூர் வாசகரைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறவர், அவர் சொல்லலாம். பிள்ளையார் நோன்பன்று இருபத்தொரு இழைத் திரியை மாவில் வைத்து, எரியும்போதே வாயில் போட்டுக்கொள்வதைப் புதிதாகப் பார்க்கிற மருமகனின் முகத்தை அவர் காட்டினால், அதுவே விளக்கமும் ஆகிவிடும், காட்சியும் ஆகிவிடும்.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இன்னொன்று. நல்ல குறும்புக் கதைசொல்லி தன் பாத்திரங்களை நேசிக்கிறார். அவர்களுக்கு வரப்போவது தெரிந்திருப்பதாலேயே அவர்களிடம் பரிவு வருகிறது. மேலே ‘பாவம்’ என்ற ஒரு சொல் இருக்கிறதே, அதை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். அந்தப் பத்தி வெறும் சாமர்த்தியமாகிவிடும்.

மறைந்திருக்கும் விலை. எல்லாம் தெரிந்தவர் ஒன்றை ஒளித்தால் வாசகருக்குக் கோபம் வரும். அண்டாவை யார் எடுத்தார் என்பதைக் கடைசிவரை மறைத்துவிட்டு முந்நூறாம் பக்கத்தில் அவிழ்த்தால், “இத்தனை நேரம் உனக்குத் தெரியும்தானே?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆகவே அவர் ஒளிப்பதையும் வெளிப்படையாகச் செய்ய வேண்டும்: “தெரியும், இப்போது சொல்ல மாட்டேன்” என்று. அதையும் ஒரு நாவலில் நிறைய முறை செய்ய முடியாது. துப்பறியும் முடிச்சுதான் உங்கள் கதையின் உயிர் என்றால் இவர் வேண்டாம்.

இரண்டாவது விலைதான் பெரியது. எல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்ட பிறகு, சில பேரைத் தெரியாது என்று ஒதுங்க முடியாது. முகப்பில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் முதலாளியின் மனசு தெரியும் என்றால், பின்கட்டில் அண்டாவைத் தேய்த்த பெண்ணின் மனசும் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பெண் நாவல் முழுக்கப் பெயரில்லாமல் ‘வேலைக்காரி’யாகவே வந்துபோனால், அது கதைசொல்லி தெரிந்தே செய்த தேர்வு ஆகிவிடுகிறது. பேரன் ‘நான்’ என்று சொல்லும் நாவலில் இதே குறை பேரனுடைய அறியாமை என்று மன்னிக்கப்படும். இவருக்கு அந்த மன்னிப்பு கிடையாது.

பர்மாவுக்குப் போனால் இது இன்னும் கூர்மையாகிறது. 1930-களில் நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல் போய், கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்பங்கு நிலம் செட்டியார் கடைகளின் கைக்கு வந்தது. கடைக்காரர்களும் அதை விரும்பிக் கேட்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது பணம், வந்தது நிலம். ஆனால் அந்த நிலத்தை இழந்தவர் ஒரு பர்மிய விவசாயி. கடையை நடத்தும் மேலாளின் கணக்குச் சாமர்த்தியத்தை வைத்துக் கதைசொல்லி நம்மைச் சிரிக்க வைக்கும் அதே பக்கத்தில், ஐராவதிக் கழிமுகத்தில் அந்த விவசாயி வீட்டில் என்ன நடந்தது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் சிரிப்பை மட்டும் கொடுத்தால், அந்தச் சிரிப்பின் செலவை அந்த விவசாயிதான் கட்டுகிறார். சிரிப்பு யார் மேல் விழுகிறது என்று முதலில் கேட்டது இதனால்தான். எழுதி முடித்த ஒவ்வொரு அத்தியாயத்திலும் கிண்டலுக்கு ஆளானவர்களின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். எல்லாரும் பின்கட்டுக்காரர்களாகவோ அடுத்த சாதிக்காரர்களாகவோ இருந்தால், குரலில் பிழை இருக்கிறது. கட்டியங்காரன் முதலில் ராஜாவிடம்தானே கை வைக்கிறான்.

மூன்றாவது, எங்கே வாயை மூடுவது என்பது. 1942-இல் ஜப்பானியர் வந்தபோது பர்மாவிலிருந்து கால்நடையாகக் கிளம்பியவர்களில் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். அரக்கான் வழியிலும் மணிப்பூர் வழியிலும் நோயும் பசியும் கொன்றன. அந்த அத்தியாயத்தில் கதைசொல்லி விளையாடக் கூடாது. ஆனால் திடீரென்று வேறு ஆளாக மாறிவிட்டாலும் வாசகருக்கு உறுத்தும். இதற்கு நான் கண்ட வழி, அதற்கு இரண்டு அத்தியாயம் முன்பிருந்தே வாசகரைக் கூப்பிட்டுப் பேசுவதைக் குறைத்துக்கொண்டு வருவது. அவர் அமைதியாவதை வைத்தே ஏதோ வரப்போகிறது என்று வாசகர் உணர்ந்துவிடுவார். அதே ஆள், அதே வாக்கிய நீளம், பேச்சு மட்டும் குறைகிறது.

யாருக்குப் பொருத்தம். பல தலைமுறை, இரண்டு கரை, நிறைய ஆட்கள், வாசகருக்குப் பழக்கமில்லாத வழக்கங்கள், அழவும் சிரிக்கவும் இடம் உள்ள கதை. நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) கல்யாணம், முன்னோருக்குப் படைக்கும் படைப்பு, பாகப்பிரிவினை மாதிரி ஊரே கூடுகிற காட்சிகள் உங்கள் நாவலின் முதுகெலும்பாக இருந்தால் வேறு யாரையும் தேட வேண்டாம்.

## ‘நான்’

கிடைப்பது. வழக்கு அப்படியே வரும். அப்பச்சி, அப்பத்தா, அயித்தான், அண்ணமிண்டி எல்லாம் விளக்கமே இல்லாமல் உட்காரும். வாசகர் ஐந்தாறு பக்கத்தில் தானே பிடித்துக்கொள்வார். ரகசியத்தைக் காப்பதும் சுலபம், நானுக்குத் தெரியாததை யாரும் ஒளித்ததாகச் சொல்ல முடியாது. நான் பொய் சொல்லலாம், தன்னையே ஏமாற்றிக்கொள்ளலாம்.

மறைந்திருக்கும் விலை. பழைய செட்டிநாட்டு வீட்டில் யார் எங்கே போகலாம் என்பதற்குக் கோடு இருந்தது. முகப்பில் ஆண்கள் பேசிய கணக்கு அடுப்படிக்கு முழுசாகப் போகாது. அடுப்படியில் ஆச்சிமார்கள் பேசியது முகப்புக்கு வரவே வராது. அப்படியானால் உங்கள் ‘நான்’ எங்கே நின்றார்? இரண்டு இடத்திலும் தடையில்லாமல் திரிகிறவர் சின்னப் பையனோ பெண்ணோதான். இந்தக் காரணத்தாலேயே பலரும் குழந்தையைக் கதைசொல்லியாக்குகிறார்கள். ஆனால் குழந்தைக்கு வட்டிக் கணக்கு புரியாது, பாகப்பத்திரம் புரியாது. அப்புறம் அதற்கு வயதுக்கு மீறிய அறிவைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

காலமும் சிக்கல். 1980-இல் பிறந்த பேரன் 1942-ஐப் பார்க்கவில்லை. “அப்பத்தா சொன்னார்கள்” என்று நூறு பக்கம் ஓட்டினால் எல்லாமே இரண்டாம் கைச் செய்தியாகிவிடும்.

யாருக்குப் பொருத்தம். ஊரைவிட்டுப் போனவர் வீட்டை விற்கத் திரும்பி வருகிற கதை. சுவிகாரம் போன பிள்ளையின் கதை. பெட்டியடிப் பையனாகக் கப்பலேறியவர் வயதான காலத்தில் தன் வாயால் சொல்வது. இங்கெல்லாம் குறும்புக் கதைசொல்லி நடுவில் வந்து நின்றால் இடைஞ்சல்தான்.

## ஒருவர் தோளோடு நிற்கும் படர்க்கை

இன்று பெரும்பாலானவர்கள் எடுப்பது இதைத்தான், பல பேர் யோசிக்காமலே எடுக்கிறார்கள். தப்பு வராத வழி என்ற எண்ணம். உமையாள் ஆச்சி வட்டத்தின் நடுவில் உட்காரும் காட்சிக்கு இதைவிட நல்ல குரல் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஒரே மனிதர், ஒரே காயம், குறுகிய காலம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம். சிறுகதைக்கு மிகவும் கைகொடுக்கும்.

இதன் விலை மெதுவாகத்தான் தெரியும். அறுபதாம் கல்யாணத்துக்கு இருநூறு பேர் வந்திருக்கிறார்கள், நமக்குத் தெரிவது ஆச்சிக்குத் தெரிவது மட்டும். கூட்டம் பின்னணியாகிவிடுகிறது. அதைச் சரிசெய்ய அத்தியாயத்துக்கு ஒரு ஆள் என்று மாற்றத் தொடங்கினால், ஆறு பேர் ஆறு மனசு என்றாகி, எல்லாரும் ஒரே நடையில் யோசிக்கிறார்கள் என்ற புகார் வரும். ஆச்சிக்குத் தெரியாத சொல்லை விவரணையில் போடலாமா என்ற கேள்வியும் பக்கத்துக்குப் பக்கம் வரும். நான் போடக் கூடாது என்ற கட்சி.

## ‘நாங்கள்’

பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து, அல்லது தெருவே சேர்ந்து ஒரே குரலில் சொல்வது. ஒன்பது நகரக்கோயில் வழிவந்த சமூகம், புள்ளிக் கணக்கில் தன்னை எண்ணிக்கொள்கிற சமூகம் என்பதால் இங்கே இது கேட்க அழகாக இருக்கும். பதினைந்து பக்கம்வரை நிற்கும். அதற்கு மேல் ‘நாங்கள்’ என்பதற்குள் யார் இல்லை என்ற கேள்வி எழுந்து குரலைப் பிளந்துவிடும். அந்தப் பிளவுதான் உங்கள் கதை என்றால் துணிந்து எடுங்கள்.

## சுருக்கமாகப் பார்க்க

| கேள்வி | குறும்புக் கதைசொல்லி | நான் | தோளோடு படர்க்கை |
|---|---|---|---|
| ரகசியம் | பலரிடம் சிதறியிருந்தால் | சொல்பவரிடமோ, அவருக்குத் தெரியாமலோ இருந்தால் | ஒருவர் மறைத்துக்கொண்டிருந்தால் |
| காலம், தூரம் | தலைமுறைகள், இரண்டு கரை | ஒரு ஆயுள் | சில நாள், சில மாதம் |
| வழக்கங்களை விளக்குதல் | சுலபம் | உறுத்தும் | ஓரளவு |
| முடிச்சும் பதற்றமும் | குறைவு | நல்லது | மிக நல்லது |
| கூட்டக் காட்சி | மிக நல்லது | நிற்கும் இடத்தைப் பொறுத்தது | கடினம் |
| எங்கே சறுக்கும் | சிலரைக் காணாமல் விடுவதில் | எட்ட முடியாத இடங்களில் | அகலம் தேவைப்படும்போது |

## கலந்து எழுதினால்?

எழுதலாம். மாலையில் இரண்டு குரல், காலையில் ஒரு குரல் என்று மனம்போனபடி மாற்றினால் நிற்காது, மாற்றத்துக்குக் கதையிலேயே ஒரு காரணம் வேண்டும். சிங்கம்புணரிக்காரரான ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972-இல் வெளிவந்தது. இந்தோனேசியாவின் மெடான் நகரில் வட்டிக்கடை வாழ்க்கையையும் யுத்தத்தையும் சொல்லும் அந்த நாவல் நாயகன் பாண்டியனின் நினைவுக்குள் போகிறது, வெளியே வருகிறது, இடையே பழந்தமிழ் நடையை எடுத்து விளையாடுகிறது. பாத்திரத்தின் மனசே அப்படித் தாவுகிறது என்பதால் அது ஒட்டுகிறது.

செட்டிநாட்டுக் கதைக்குக் கையோடு கிடைக்கிற காரணம் கடிதம். கடல் கடந்திருப்பவர் எழுதியதும் ஆச்சி யாரையாவது வைத்து எழுதச் சொன்னதும் கதைக்குள் இயல்பாக வரும். வெளியே குறும்புக் கதைசொல்லி, கடிதத்துக்குள் ‘நான்’. கடிதம் எழுதியவர் மறைத்ததை, கடிதம் முடிந்ததும் கதைசொல்லி ஒரு வரியில் சொல்லிவிடலாம். “மழை அதிகம், சுகம்” என்று முடிகிற கடிதத்துக்குக் கீழே, அன்று காலை கடைக்கு வரவேண்டிய பணம் வரவில்லை என்று எழுதினால் போதும். இரண்டு குரல்களின் நல்ல பக்கமும் அதில் இருக்கிறது.

இந்த வழியை எடுத்தால் தேதிகளை மட்டும் சரிபார்த்து வையுங்கள். ரங்கூன் 1942 மார்ச்சில் ஜப்பானியர் வசமானது. அதற்குப் பிறகு அங்கிருந்து ஆச்சிக்கு வழக்கமான தபால் வந்ததாக எழுதினால், எல்லாம் அறிந்தவர் என்று நீங்கள் முன்னிறுத்திய ஆளை வாசகர் அதன் பிறகு நம்ப மாட்டார். அந்த மாதங்களில் கடிதம் வராத வீட்டை எழுதுங்கள். தபால்காரர் தெருவில் வருகிற நேரத்தில் வளவில் யார் யார் எங்கெங்கே நின்றார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்ல இந்தக் கதைசொல்லியால் முடியும்.